வருத்தம் என்றொரு சொல்



யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர் திருச்சிராப்பள்ளி மருத்துவமனை ஒன்றில் செவிலியிடம், ‘மூன்று நாளாய் வருத்தம் பிள்ளை’ என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். செவிலி அவர் கையைப் பற்றி, ‘வருத்தப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும்’ என்று தேற்றுவார். மூதாட்டி சொன்னது காய்ச்சலை. செவிலியின் செவியில் விழுந்தது துயரம். ஈழத்தமிழில் வருத்தம் என்றால் நோய். நோயாளியை அங்கு வருத்தக்காரர் என்பர். தமிழகத்தில் வருத்தம் மனத்துயர். பழந்தமிழில் இவ்விரண்டோடு மூன்றாவது பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. அது உடல் உழைத்துத் தளர்தல். ஒருவன் வருந்தி முயன்றான் என்று பழைய உரையாசிரியர் எழுதினால், அவன் வாடி அழுதான் என்று பொருள் கொள்ளலாகாது. உடலை ஒறுத்துப் பாடுபட்டான் என்றே கொள்ளவேண்டும்.

உழைப்பின் களைப்பு, மனத்தின் துயரம், உடலின் பிணி ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் குடியிருப்பது தற்செயலா, அல்லது தலைமுறை தலைமுறையாக உழைத்தோரின் பட்டறிவு சொல்லாக உறைந்ததா? களைப்பும் மன இறுக்கமும் மனிதரின் உடலையும் தொழிலையும் என்ன செய்கின்றன என்பதே இவ்வுரையின் பொருள். மருத்துவர் பேசவேண்டிய பொருளை இலக்கிய வட்டத்தில் பேசலாமோ என்ற ஐயம் எழக்கூடும். தொல்காப்பியர் பேசியிருக்கிறார்.

மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களை நான்கு நான்காக அவர் வகுக்கிறார். இளிவரல் என்னும் மெய்ப்பாட்டுக்கு உரியனவாக அவர் வைத்த நான்கு: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. பிணிக்கு அடுத்த இருக்கை வருத்தத்துக்கு அளிக்கப்பட்டிருப்பதை நோக்குக. அதனினும் நோக்கத்தக்கது, இந்நான்கும் அழுகையின்கீழ் வைக்கப்படாமல் இளிவரலின்கீழ் வைக்கப்பட்டிருப்பது. இளிவரலை வடநூலார் கூறும் அருவருப்புச் சுவையோடு ஒப்பிட்டு விட்டுவிடுவது வகுப்பறை வழக்கம். ஆனால் இளி என்பதில் இழிவு இருக்கிறது; தன்னைத் தானே தாழ்ந்ததாகக் காணும் நிலை இருக்கிறது. முதியவர் தம் கை நடுங்குவதைப் பார்க்கும்போது தோன்றுவது அது. நோயாளி பிறர் தோளைப் பற்றி எழும்போது தோன்றுவது அது. உழைத்துத் தளர்ந்தவர், ‘இன்னும் முடிக்கவில்லையா?’ என்ற குரலைக் கேட்கும்போது தோன்றுவதும் அதுவே. களைப்பு மனிதரை வலிமை குன்றச் செய்வதோடு நில்லாமல் சிறுமையும் படுத்துகிறது என்பதை அந்த வரிசை உணர்த்துகிறது. இதை மெய்ப்பிக்கும் சான்று இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் மாநகரின் அரசு அலுவலகங்களிலிருந்து கிடைத்தது. அங்குச் செல்லுமுன் நம் சொற்கள் சிலவற்றை இன்னும் சிறிது புரட்டிப் பார்க்கலாம்.

களைப்பைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. சோர்வு, அயர்வு, தளர்வு, இளைப்பு, அலுப்பு, சலிப்பு, ஆயாசம் எனப் பல. இவை ஒருபொருட் பன்மொழி என்று தள்ளத்தக்கவை அல்ல. சோர்தல் என்பது நழுவுதல். கூந்தல் சோரும், ஆடை சோரும், பேச்சில் சொல் சோரும். சோர்ந்த கையிலிருந்து எதுவும் நழுவும். அயர்தல் களைத்தலையும் குறிக்கும், மறத்தலையும் குறிக்கும். ‘அயர்ந்துவிட்டேன்’ என்று ஒருவர் சொன்னால், தூங்கிவிட்டாரா மறந்துவிட்டாரா என்று நாம் மறுபடியும் கேட்கவேண்டியிருக்கிறது. இளைப்பு என்பது களைப்பு. உடல் மெலிவும் அது. மூச்சுத் திணறும் நோயும் அது. சலிப்பில் உடலைவிட மனத்தின் பங்கு மிகுதி. இவை எவற்றோடும் சேராமல் தனியே நிற்கும் சொல் மடி. மடி என்பது சோம்பல். உழைக்க இயன்றும் உழையாமை மடி. உழைத்தபின் இயலாமை அயர்வு. வள்ளுவர் கடிந்தது மடியை. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று 60, 61, 62ஆம் அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஓய்வுக்கென்று 133 அதிகாரங்களுள் ஒன்றும் இல்லை என்பது உண்மை. ஆயினும் அயர்ந்தவனை மடியன் என்று அவர் எங்கும் ஏசவில்லை. அந்தப் பிழையைச் செய்தவர்கள் பின்வந்தவர்கள். ஆலை மேற்பார்வையாளரும் அலுவலக மேலாளரும், சொல்லக் கூசினாலும் சொல்லவேண்டும், கல்லூரி முதல்வர்களும் அயர்வைக் காணும்போதெல்லாம் மடி என்றே வாசிக்கிறார்கள்.

களைப்பு நீங்குவதைத் தமிழர் இளைப்பாறுதல் என்றனர். ஆறுதல் என்னும் வினை எங்கெங்கு வழங்குகிறது என்று எண்ணிப் பார்த்தால் வியப்பு மிகும். காய்ந்த பால் ஆறும், புண் ஆறும், சினம் ஆறும், துயருற்ற மனம் ஆறும், பசி ஆறும், இளைப்பும் ஆறும். சூடு தணிதலும் காயம் மூடுதலும் மனம் தெளிதலும் உடல் ஓய்தலும் ஒரே வினையால் சொல்லப்படுகின்றன. இனி வரும் மருத்துவச் செய்திகளுக்கு இந்த ஒரு வினைச்சொல்லே திறவுகோல் எனலாம்.

மனித உடல் அச்சத்தையோ நெருக்கடியையோ எதிர்கொள்ளும்போது, சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தாற்போல் அமர்ந்திருக்கும் சிறு சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்புகளைக் குருதியில் கலக்கின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கும். இரத்த அழுத்தம் உயரும். சர்க்கரை குருதியில் ஏறும். செரிமானம் மந்தப்படும். புலியைக் கண்டவன் ஓடவோ எதிர்க்கவோ உடல் செய்துதரும் ஏற்பாடு இது. புலி போனதும் எல்லாம் ஆறிவிடும். ஆறினால் தீங்கில்லை. ஆனால் புலி போகாமல் தினமும் காலை ஒன்பது மணிக்கு வந்து எதிர் மேசையில் அமர்ந்துகொண்டால் என்ன ஆகும்? உயர்ந்த அழுத்தம் உயர்ந்தே நிற்கும், குருதிக் குழாய்கள் தடிக்கும், உறக்கம் கலையும், நோயை எதிர்க்கும் ஆற்றல் குறையும்.

வியன்னாவில் பிறந்து கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் ஆய்வு நடத்திய ஹான்ஸ் செலியே என்பவர், 1936இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். எலிகளைக் குளிர், காயம், மிகுந்த உடலுழைப்பு, நஞ்சு என வெவ்வேறு துன்பங்களுக்கு ஆட்படுத்தினார். துன்பம் எதுவாயினும் விளைவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது: அச்சுரப்பிகள் வீங்கின, நோயெதிர்ப்புக்கு உதவும் கழுத்துக்கணையச் சுரப்பி சுருங்கியது, இரைப்பையில் புண் கண்டது. முதலில் அலறல், பிறகு தாக்குப்பிடித்தல், இறுதியில் தளர்ந்து வீழ்தல் என மூன்று படிகளை அவர் கண்டார். தோன்றல், திரிதல், கெடுதல் என்று புணர்ச்சி விகாரத்தை மூன்றாக வகுத்துப் படித்த நமக்கு இம்முறை அயலாகத் தோன்றாது.

செலியே அந்நிலைக்கு இட்ட பெயர்தான் ஸ்ட்ரெஸ். இயற்பியலிலிருந்து கடன் வாங்கிய சொல். நம் பள்ளிப் பாடநூல்கள் இயற்பியலில் அதைத் தகைவு என்றும், அதனால் பொருளில் நேரும் மாற்றத்தைத் திரிபு என்றும் பெயர்க்கின்றன. தாம் சொல்ல நினைத்தது இரண்டாவதை என்றும், ஆங்கிலம் தமக்கு நன்கு கைவந்திருந்தால் வேறு சொல்லையே தேர்ந்திருப்பார் என்றும் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். மேனாட்டார் நிலை அது. நம் நிலை இன்னும் இரங்கத்தக்கது. செய்தித்தாள்கள் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே தொடரால் வேலை நெருக்கடியையும் குறிக்கின்றன. மருத்துவரின் மருந்தும் கவனிப்பும் இன்றியமையாத மனச்சோர்வு நோயையும் குறிக்கின்றன. ஓய்வால் ஆறக்கூடியவரும், ஓய்வு மட்டும் போதாதவரும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுப் போகின்றனர். பேச்சுவழக்கிலோ ‘டென்ஷன்’ எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. பேருந்து தவறினாலும் டென்ஷன், மகளுக்கு இடம் கிடைக்காவிட்டாலும் டென்ஷன், நெஞ்சு அடைத்தாலும் டென்ஷன். ஏழெட்டுச் சொற்களால் களைப்பை நுணுகிப் பார்த்த மொழி இது.

இனி இலண்டன். அங்கு ஒயிட்ஹால் என்னும் பகுதியில் பிரித்தானிய அரசின் அமைச்சக அலுவலகங்கள் உள்ளன. உயர்பதவியின் பொறுப்பே நெஞ்சை அடைக்கும் என்பது அக்காலத்துப் பொதுநம்பிக்கை. மேலதிகாரிகளுக்குத்தான் மாரடைப்பு, கடைநிலை ஊழியருக்கு என்ன கவலை என்றே உலகம் எண்ணியிருந்தது. 1967இல் தொடங்கி ஏறத்தாழ 18,000 ஆண் அரசு ஊழியர்களின் உடல்நிலை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கப்பட்டது. மைக்கேல் மார்மட் முதலியோர் கண்ட முடிவு அந்நம்பிக்கையைத் தலைகீழாக்கியது. மேல்நிலை நிர்வாகிகளைவிடக் கடைநிலையில் இருந்த ஏவலர், வாயிற்காவலர் ஆகியோரின் இறப்பு விகிதம் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஏழ்மையும் பட்டினியும் காரணம் என்று சொல்வதற்கில்லை. எல்லாரும் நிலையான வேலையில் இருந்த அரசு ஊழியர்கள். புகைபிடித்தல், இரத்தக் கொதிப்பு, கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு நீக்கிய பின்னும் வேறுபாட்டின் பெரும்பகுதி எஞ்சி நின்றது. மேலும் அது படிப்படியாக இறங்கியது. தலைமை நிர்வாகிக்கு அடுத்த படியில் இருந்தவர் அவரைவிடச் சற்றுக் குறைவான நலத்தோடு இருந்தார். அதற்கடுத்தவர் இன்னும் சற்றுக் குறைவு. ஏணியின் ஒவ்வொரு படியும் உடலில் எழுதப்பட்டிருந்தது.

1985இல் இரண்டாம் ஆய்வு தொடங்கிற்று. இம்முறை 10,308 பேர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். வேலையின் பளுவோடு, வேலையில் அவர்களுக்கு இருந்த உரிமையும் கேட்டறியப்பட்டது. எதை முதலில் செய்வது, எப்படிச் செய்வது, எப்போது சிறிது நிறுத்துவது என்று தாமே முடிவு செய்ய இயலாதவர்களிடம் இதயநோய் மிகுதியாகக் காணப்பட்டது. அமெரிக்காவில் இராபர்ட் காரசெக் 1979இலேயே இவ்வழியில் ஒரு கோட்பாட்டை முன்வைத்திருந்தார். பளு மிகுதியும் உரிமைக் குறைவும் ஒருங்கே சேரும் இடத்திலேயே கேடு மிகுதி என்பது அதன் சாரம். தன் வயலில் விடியுமுன் இறங்கும் உழவரின் களைப்பும், பிறர் கைக்கடிகாரத்துக்கு ஓடுபவரின் களைப்பும் எடையில் ஒன்றாகத் தோன்றலாம். இரண்டாவதில் இளிவரல் கலந்திருக்கிறது. வருத்தத்தை இளிவரலின்கீழ் வைத்த தொல்காப்பியருக்கு இந்தக் கணக்குகள் தேவைப்பட்டிருக்கா.

கால அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஜப்பானில் 1969ஆம் ஆண்டு, நாளிதழ் நிறுவனம் ஒன்றின் அனுப்புகைப் பிரிவில் பணியாற்றிய 29 வயது இளைஞர் மூளைக்குருதிக் கசிவால் இறந்தார். மிகையான உழைப்பால் நேர்ந்த இறப்பு என்று பின்னாளில் சுட்டப்பட்ட முதல் நிகழ்வு அது. இத்தகைய சாவுகள் பெருகவே, அவற்றுக்கென்றே அம்மொழியில் ஒரு சொல் பிறந்தது: கரோஷி. ‘கரோ’ மிகை உழைப்பு; ‘ஷி’ சாவு. 1982இல் மருத்துவர் மூவர் அப்பெயரிலேயே நூல் எழுதினர். ஒரு மொழிக்குள் இத்தகைய சொல் நுழைவதற்கு எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்திருக்கவேண்டும் என்பதைச் சொல்லோடு பழகும் கவிஞர்கள் அறிவார்கள். 2014இல் அந்நாடு அதைத் தடுப்பதற்கென்று சட்டம் இயற்றியது. 2018இல் மிகைநேர வேலைக்குச் சட்டத்தால் உச்சவரம்பு கட்டியது. உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கணிப்பின்படி, நீண்டநேர வேலையின் விளைவாக 2016ஆம் ஆண்டில் மட்டும் பக்கவாதத்தாலும் இதயநோயாலும் இறந்தோர் 7 இலட்சத்து 45 ஆயிரம் பேர். வாரத்துக்கு 35 முதல் 40 மணிநேரம் உழைப்பவரோடு ஒப்பிட, 55 மணிநேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்குப் பக்கவாதம் நேரும் வாய்ப்பு 35 விழுக்காடும், இதயநோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் கூடுகின்றன.

இவ்வளவு கொடுத்தும் தொழிலாவது வளர்கிறதா என்றால் அதுவும் இல்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியா வெடிமருந்துத் தொழிலாளரின் நலம் ஆராய 1915இல் ஒரு குழு அமைத்தது. நேரத்தைக் குறைத்தபோது ஆக்கம் குறையாமல் நின்றதையும், சில இடங்களில் கூடியதையும் அக்குழுவினர் கண்டனர். ஞாயிறு உழைத்தவர் திங்களன்று அதைத் திருப்பிச் செலுத்தினார். அயர்தல் மறத்தலும் ஆகும் என்றோம். 1989 மார்ச் 24 அன்று, நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில், அலாஸ்காக் கடலில் எக்ஸான் வால்டீஸ் என்னும் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதி, ஏறத்தாழ 4 கோடி லிட்டர் எண்ணெயைக் கடலில் கொட்டியது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்ட காரணங்களுள் ஒன்று, அப்போது கப்பலைச் செலுத்திய அதிகாரியின் களைப்பும் மிகையான வேலைப்பளுவும். சொல் சோர்ந்தால் அவையில் நகைப்போடு போகும். கை சோர்ந்தால் கடலே கறுக்கும்.

களைப்புக்கும் கவிதைக்கும் நம் நாட்டில் பழைய உறவு உண்டு. வாய்மொழிப் பாட்டில் பெரும்பகுதி வேலைத்தளத்தில் பிறந்தது. உலக்கை குற்றும் பெண்டிர் பாடிய வள்ளைப்பாட்டைச் சிலப்பதிகாரமே ஏற்றுப் போற்றியிருக்கிறது. நடவுப்பாட்டு, சுண்ணாம்பு இடிப்பார் பாட்டு, தோணி தள்ளுவார் பாட்டு ஆகியவை எல்லாம் மூச்சையும் கையையும் ஒரே தாளத்தில் கட்டிக் களைப்பைத் தள்ளிப்போட எழுந்தவை. ஏற்றப்பாட்டு இறைத்த சாலின் எண்ணிக்கையையும் காத்தது.

ஏற்றப்பாட்டைப் பற்றிய கம்பர் கதையை அறியாதார் இவ்வவையில் இரார். மாலை வேளையில் ஏற்றம் இறைத்தவன், மூங்கில் இலையைப் பற்றி ஓர் அடி பாடினான். அதோடு நிறுத்திவிட்டுப் போய்விட்டான். அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று கவிச்சக்கரவர்த்தி இரவெல்லாம் எண்ணிப் பார்த்தும் பிடிபடவில்லை. விடியலில் அவன் வந்து மிச்சத்தைப் பாடியபோது வியந்து நின்றார். ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டில்லை என்ற பழமொழிக்குச் சான்றாக இதைச் சொல்லிப் பாட்டாளியின் புலமையை வியந்து முடிப்பது மரபு. கதை கதையாகவே இருக்கட்டும். அதில் எவரும் கேட்காத ஒன்று உண்டு. அவன் ஏன் பாதியில் நிறுத்தினான்? பொழுது சாய்ந்தது; வேலை முடிந்தது; பாட்டும் முடிந்தது. அடி நிரம்பவில்லையே என்று அவன் இன்னும் நான்கு சால் இறைக்கவில்லை. அன்றிரவு அவன் உறங்கினான், கம்பர் உறங்கவில்லை.

ஆலைச் சங்கு ஊதத் தொடங்கியபோது அந்தப் பொழுதுச்சாய்வு தொழிலாளரின் கையைவிட்டுப் போயிற்று. விளக்கு வெளிச்சத்தில் இரவையும் பகலாக்கலாம் என்றாயிற்று. சென்னை பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பி.பி. வாடியா முன்வைத்த முதற்கோரிக்கைகளுள் ஒன்று மதிய உணவுக்கு விடும் இடைவேளையைப் பற்றியது. அரைமணி நேரத்தை நாற்பது மணித்துளியாக்க வேண்டும் என்றனர். பத்தே மணித்துளி! ஓடிச்சென்று, விழுங்கி, ஓடிவந்து கதவு சாத்துமுன் நுழையவேண்டிய வாழ்வில் பத்து மணித்துளி என்ன பெறும் என்பதை வெளியிலிருந்து அளக்க இயலாது. சிங்காரவேலர் 1923இல் சென்னையில் மே நாள் கொண்டாடினார். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9 மணிநேரம், வாரத்துக்கு 48 மணிநேரம் என்று வரம்பிட்டது. 2023 ஏப்ரலில் அந்த நாள்வரம்பைப் 12 மணிநேரம் வரை நெகிழ்த்த இடந்தரும் திருத்தம் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு எழவே சில நாள்களில் நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. நூறாண்டுப் போராட்டத்தின் நீளம் அந்தச் சில நாள்களில் தெரிந்தது.

ஆலைச் சட்டம் எட்டாத இடங்களும் உண்டு. பெருநகரத் துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே பணிபுரியும் பெண்களை அங்காடித் தெரு என்னும் திரைப்படம் 2010இல் தமிழர் கண்முன் நிறுத்தியது. அதற்கு முன்னும் அவர்கள் நம் கண்முன்தான் நின்றிருந்தனர். நாள் முழுதும் நிற்கும் கால்களில் குருதி மேலேறாமல் தேங்கி நரம்பு முடிச்சிட்டுப் புடைக்கும். இடுப்பும் முதுகும் கடுக்கும். கேரளத்தில், கோழிக்கோட்டுக் கடைப்பெண்கள் பெண்கூட்டு என்னும் அமைப்பாகத் திரண்டு உட்காரும் உரிமை கேட்டனர். 2018இல் அம்மாநிலச் சட்டம் திருத்தப்பட்டது. தமிழகத்தில் 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, பணியாளர் எல்லார்க்கும் இருக்கை தரவேண்டும் என்றாயிற்று. ஒரு முக்காலி இடுவதற்குச் சட்டமன்றம் கூடவேண்டியிருந்தது. ஏன்? முக்காலியின் விலை அதற்குக் காரணமாக முடியாது. நம் சமூகத்தில் உட்காருதல் என்பது உடலின் நிலை மட்டுமாக இருந்ததில்லை. யார் முன் யார் அமரலாம் என்பதில் சாதியும் செல்வமும் ஆண்மையும் பார்க்கப்பட்டன. நிற்பவர் ஏவலுக்குக் காத்திருப்பவர். அவரை அமரவிட்டால் கடையின் மதிப்பு குறையும் என்று உரிமையாளர் எண்ணினார். வாங்க வந்தவருக்கு நாற்காலியும் குளிர்பானமும், எடுத்துக் காட்டுபவருக்குச் சுவரில் சாயவும் தடை. இளிவரலுக்கு இதைவிடத் தெளிவான நிலைக்களன் எதுவும் தேவையில்லை.

அப்பெண்ணின் வேலைநேரம் கடைக்கதவு சாத்தப்படுவதோடு முடிவதுமில்லை. 2019ஆம் ஆண்டு நடுவணரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் செலவிட்டது நாளுக்குச் சராசரி 299 மணித்துளி, ஆண்கள் 97. கடிகாரம் பார்க்காத அந்த ஐந்து மணிநேரத்தை எந்தத் தொழிற்சட்டமும் எண்ணவில்லை. ஒயிட்ஹால் அளவுகோலை அடுக்களைக்குள் கொண்டுவந்தால், பளு மிகுதி, உரிமை குறைவு, நிறுத்தும் நேரம் தன் கையில் இல்லை என்னும் மூன்றும் பொருந்தும். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யைப் பெண்ணியக் கதை என்று பாடத்திட்டத்தில் வைத்து மதிப்பெண்ணுக்கு வினா எழுப்புகிறோம். தொழிற்களம் பற்றிய கதையாக அதைப் படித்தால் வேறு ஒளி கிடைக்கும். தூத்துக்குடி உப்பளத்தில் தங்கிப் பார்த்து இராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ நாவலும் அவ்வரிசையில் அடுத்து வைத்துப் படிக்கத்தக்கது.

எழுதுவோரின் களைப்பு பற்றியும் ஒரு சொல். நினைவு மலர்களில் மறைந்த எழுத்தாளரைப் பற்றி, ‘ஓயாது உழைத்தார், கண்துஞ்சாது எழுதினார்’ என்று எழுதுவது நம் வழக்கம். பாரதி மறைந்தபோது அவருக்கு 38 வயது நிரம்பியிருந்தது; 39 நிரம்பவில்லை. புதுமைப்பித்தன் நாளிதழ் வேலையும் பின்னர்த் திரைப்பட வேலையுமாக அலைந்து, காசநோயால் 1948இல் 42ஆம் வயதில் மறைந்தார். காசநோய் கிருமியால் வருவது. ஊண்குறைவும் வறுமையும் அலைச்சலும் அதற்கு வாயில் திறப்பவை. அவர்தம் உழைப்பு போற்றத்தக்கது என்பதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் ஓயாமையை அணியாக்கி எழுதும் நம் பழக்கம், அவர்களை ஓயவிடாத சமூகத்தின் கணக்கைத் தீர்த்துவிடுகிறது. நியூயார்க்கில் ஏழை எளியோருக்கான மருத்துவமனையில் தொண்டு செய்த ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974இல் ஒன்றைக் கவனித்து எழுதினார். வேலையை வெறுத்தவர்களைவிட, அதில் தம்மை முழுதும் ஈடுபடுத்தியவர்களே எரிந்து கரிந்துபோயினர். உறக்கம் கெட்டது, எரிச்சல் மிகுந்தது, யாருக்காக வந்தார்களோ அவர்கள்மேலேயே பரிவு வற்றியது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் இதைத் தன் நோய்ப் பகுப்பு நூலில் தொழில் சார்ந்த நிலையாகப் பதிவு செய்தது. பகலெல்லாம் வங்கியிலும் பள்ளியிலும் அச்சகத்திலும் இருந்துவிட்டு இரவு பதினொரு மணிக்குத் தாளை விரிக்கும் கவிஞர்கள் இவ்வவையில் பலர் உண்டு. அவ்வேளையில் சொல் வராமற்போனால் கற்பனை வற்றிவிட்டது என்று அஞ்சவேண்டா. அயர்தலுக்கு மறத்தல் என்றும் ஒரு பொருள் உண்டு. விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கலாம்.

தமிழகத்துப் பழைய வழிகளில் சுமைதாங்கிக் கல் என்று ஒன்று நிற்கும். இரண்டு கற்கள் செங்குத்தாக, அவற்றின்மேல் கிடையாக ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு வருபவர் குனியாமல், யாரையும் துணைக்கு அழைக்காமல், சுமையை அப்படியே கல்லுக்கு மாற்றி இளைப்பாறலாம். புறப்படும்போது தலையைக் கொடுத்து மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். உப்பு வணிகரும் பானை விற்போரும் சந்தைக்குச் செல்லும் பெண்களும் அதை நம்பி நடந்தனர். எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை. நேரம் குறித்துக் கொள்வாரும் இல்லை. பல ஊர்களில் இக்கற்கள், கருவுற்ற நிலையில் சுமை இறங்காமலே மாண்ட பெண்களின் நினைவாக நடப்பட்டவை. அவள் இறக்கிவைக்க இயலாமற்போன சுமைக்கு ஈடாக, வழிநடப்போர் தம் சுமையை இறக்கட்டும் என்று உற்றார் எண்ணினர்.

கல்தச்சன் அக்கல்லுக்கு உயரம் குறித்தது சுமப்பவரின் தோளைப் பார்த்து. ஆண்டுதோறும் தார்போட்டுச் சாலை உயர்ந்துவிட்டதால், சில ஊர்களில் அப்பலகைக்கல் இன்று முழங்கால் மட்டத்தில் நிற்கிறது. பேருந்துக்குக் காத்திருப்போர் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள்.